ஸ்கொலே: ஓய்வா, ஒழிவா?

ஆசிரியர் கருத்தரங்குகளிலும் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களிலும் நம் செவியில் அடிக்கடி விழும் செய்தி ஒன்றுண்டு. பள்ளியைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்னும் ஆங்கிலச் சொல், கிரேக்க மொழியில் ஓய்வைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆகவே பள்ளி என்பது ஓய்வுக்குரிய இடமே என்பது அச்செய்தி. அவையோர் நகைப்பர்; மாணவர் கைதட்டுவர்; பேச்சாளர் அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவார். இச்செய்தியின் முற்பகுதி மெய்யே. 'ஆகவே' என்னும் சொல்லுக்குப் பின்னர் வரும் பகுதிதான் ஆராய்தற்குரியது.

சொல்லின் பொருளுக்குரிய காரணம் எளிதிற் புலப்படாது என்று உரியியலில் உணர்த்திச் சென்றார் தொல்காப்பியர். சொற்பிறப்பு பேசுவோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தற்குரிய எச்சரிக்கை அது. அதனைத் துணையாகக் கொண்டு, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வழங்கும் இவ்வொரு சொல் நடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்ப்போம். வழியில் நாம் காண்பன, பள்ளியை வாழ்விடமாகக் கொண்ட நமக்கு வெறும் சொல்லாராய்ச்சியாக மட்டும் அமையா.

கிரேக்கத்தில் தொடக்கம்

பண்டைக் கிரேக்கத்தில் 'ஸ்கொலே' என்னும் சொல் ஒருவன் தன் விருப்பப்படி செலவிடத்தக்க நேரத்தைக் குறித்தது. அதன் வேர், 'பிடித்தல், நிறுத்திவைத்தல்' என்னும் பொருளுடைய வினையோடு தொடர்புடையது என்பர் மொழிநூலார். தொழிலின் பிடியிலிருந்து விலக்கி நிறுத்திவைக்கப்பட்ட நேரம் என்று அதனை விளக்கலாம். பின்னர், அத்தகைய நேரத்தில் நிகழும் அறிவார்ந்த உரையாடல், அவ்வுரையாடலை நடத்தும் ஆசிரியர், அவரைச் சூழ்ந்த மாணாக்கர் குழு, அக்குழு கூடும் இடம் என்று பொருள் படிப்படியாக நகர்ந்தது. நேரத்தின் பெயர் செயலுக்கும், செயலின் பெயர் கூட்டத்துக்கும், கூட்டத்தின் பெயர் கட்டடத்துக்கும் ஆகிவந்தது. ஆகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஏதென்சு நகரத்துச் சிறுவர் எழுத்துக் கற்கச் சென்ற இடத்திற்கு 'ஸ்கொலே' என்பது பெயரன்று. அதனை 'திதஸ்கலையோன்', அதாவது கற்பிக்குமிடம், என்றே அவர்கள் வழங்கினர். உடற்பயிற்சிக்குரிய இடம் 'கிம்னாசியோன்' எனப்பட்டது. இன்று ஜெர்மானியர் தம் உயர்நிலைப் பள்ளி வகையொன்றிற்கு அப்பெயரைச் சூட்டியுள்ளனர். பிளேட்டோ கற்பித்த சோலையின் பெயரே 'அக்கடமி' என்றும், அரிஸ்டாட்டில் கற்பித்த இடத்தின் பெயரே பிரெஞ்சு நாட்டில் 'லிசே' என்றும் வழங்கிவருகின்றன. 'ஸ்கொலே' என்பதோ வளர்ந்தோர் தம் விருப்பத்தால் ஈடுபட்ட அறிவுப் பணிக்குரிய சொல்லாக இருந்தது. பிரம்புக்கு அஞ்சி நெடுங்கணக்கை ஒப்பித்த கிரேக்கச் சிறுவனிடம் சென்று, 'நீ ஓய்வில் இருக்கின்றாய்' என்று எவரேனும் கூறியிருப்பின் அவன் வியந்திருப்பான்.

உரோமில் நிகழ்ந்தவை

உரோமர் தம் தொடக்கப் பள்ளியை 'லூடுஸ்' என்றனர். அச்சொல்லுக்கு விளையாட்டு என்பது பொருள். வாட்போர் அடிமைகளைப் பழக்கும் கூடத்திற்கும் அதுவே பெயர். ஒரே சொல் விளையாட்டையும், பிள்ளைகள் படிக்கும் இடத்தையும், மனிதர் ஒருவரையொருவர் கொல்லப் பயிலும் இடத்தையும் குறித்தமை எண்ணத்தக்கது. கிரேக்கரிடமிருந்து அவர்கள் கடன் பெற்ற 'ஸ்கோலா' என்னும் சொல் உயர்கல்வி தரும் இடத்தையும், ஒரு கொள்கையைப் பின்பற்றுவோர் கூட்டத்தையும் முதலில் குறித்தது. பின்னர்ப் பேரரசரின் மெய்க்காவற் படைப்பிரிவுகளுக்கும் அதே பெயர் வழங்கிற்று. ஓய்வின் பெயர் வாளேந்திய காவலரின் பெயராயிற்று. சொல்லின் பிறப்பே அதன் பொருளை என்றும் ஆளும் என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

நான்காம் நூற்றாண்டில் போர்தோ நகரில் நெடுங்காலம் ஆசிரியராக விளங்கிய அவுசோனியஸ் என்னும் இலத்தீன் புலவர், பள்ளி செல்லும் தம் பேரனுக்குக் கவிதை வடிவில் ஓர் அறிவுரை எழுதினார். பிரம்புக்கும் ஆசிரியரின் கடுமுகத்திற்கும் அஞ்சாதே என்று தேற்றும் அவர், பள்ளியின் கிரேக்கப் பெயரே ஓய்வைக் குறிப்பதுதான் என்பதையும் எடுத்துக்காட்டுகின்றார். நம் விழா மேடைகளில் இன்று புதுமைபோற் கூறப்படும் செய்தி ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையுடையது. சொற்பிறப்பு இனிமையாக இருந்தது, பிரம்பும் இருந்தது. ஒன்று மற்றொன்றை அகற்றவில்லை.

ஒலி மாறிய வகை

இலத்தீன் 'ஸ்கோலா', கிறித்தவ மடங்களின் வழியாகவும் ஆட்சியின் வழியாகவும் ஐரோப்பா முழுவதும் பரவியது. இத்தாலியர் 'ஸ்குவோலா' என்றனர். ஜெர்மானியர் 'ஷூலே' என்றனர். உருசியர் 'ஷ்கோலா' என்கின்றனர். வேறு சில மொழியினருக்கோ சகர ஒற்றைத் தொடர்ந்து மற்றொரு மெய் சொல்லின் முதலில் நிற்பது நாவுக்கு இடர்தந்தது. ஆகவே ஸ்பானியர் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து 'எஸ்குவேலா' என்றும், போர்த்துகீசியர் 'எஸ்கோலா' என்றும் ஒலித்தனர். பழைய பிரெஞ்சில் 'எஸ்கோல்' என நின்ற சொல், இடையிலிருந்த சகர ஒற்றை இழந்து இன்று 'எக்கோல்' ஆகியுள்ளது. அங்கேரியர் 'இஷ்கோலா' என்கின்றனர். பின்லாந்தினர் வேறு வழி கண்டனர். முதல் ஒற்றை அறவே நீக்கிக் 'கோலு' என்றனர்.

தமிழாசிரியர்க்கு இவ்விரு வழிகளும் புதியன அல்ல. மெய்யெழுத்துத் தனித்து மொழிக்கு முதலாகாது என்பது நம் இலக்கணம். அதனாலன்றோ நம் பாட்டிமார் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றனர்? அங்கேரியனும் ஸ்பானியனும் செய்ததையே அவர்களும் செய்தனர். வடமொழி 'ஸ்தானம்' தமிழில் 'தானம்' என்றும், 'ஸ்தம்பம்' 'தம்பம்' என்றும் ஆயினவே, அது பின்லாந்தினர் சென்ற வழி. 'இஸ்கூல்' என்று எழுதிய மாணவனைத் திருத்தும்போது அவனை நகையாடுதல் தகாது. உலக மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஒலியியல்பு ஒன்று அவன் நாவில் இயங்குகின்றது.

இச்சொல் நம் மண்ணுக்கும் வந்துள்ளது. 1511ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் 1641 வரை அந்நகரை ஆண்டனர். மேசை, சன்னல், தேவாலயம் ஆகியவற்றுக்குரிய 'மேஜா', 'ஜெண்டேலா', 'கெரேஜா' முதலிய மலாய்ச் சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. 'செக்கோலா' என்னும் மலாய்ச் சொல்லும் 'எஸ்கோலா' என்பதன் வழிவந்ததே. நம் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் மலாய் எழுத்தில் முதலில் நிற்கும் சொல் ஏதென்சிலிருந்து உரோம், லிஸ்பன் வழியாக வந்து சேர்ந்த ஒன்று. நாள்தோறும் அதன்கீழ் நடந்து செல்லும் மாணவர்க்கு இதனைக் கூறாதிருப்பது நம் குறையே.

பொருள் விரிந்த வகை

ஒலி மாற்றத்தினும் சுவையுடையது பொருள் மாற்றம். வெனிசு நகரில் 'ஸ்குவோலா' என்பது பொதுமக்கள் ஒன்றுகூடி அறப்பணி புரிந்த சங்கங்களின் பெயராயிற்று. அவற்றுள் ஒன்றாகிய சான் ரோக்கோ மண்டபத்தின் சுவர்களையும் விதானத்தையும் திந்தொரேத்தோ என்னும் ஓவியர் அணிசெய்தார். அங்குப் பாடம் நடந்ததன்று. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் உதவி நடந்தது. ஐரோப்பிய யூதரின் இத்திய மொழியில் 'ஷூல்' என்றால் தொழுகைக்கூடம். தமிழில் முசுலிம்களின் தொழுகையிடம் பள்ளிவாசல் எனப்படுவதை இதனோடு ஒப்புநோக்கலாம். கல்வியும் வழிபாடும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த காலத்தை இரு மொழிகளும் தனித்தனியே நினைவில் வைத்துள்ளன.

ஜெர்மன் மொழியில் 'பவும்ஷூலே', அதாவது மரப்பள்ளி, என்றால் மரக்கன்றுகளை வளர்க்கும் நாற்றுப்பண்ணை என்பது பொருள். கன்றுக்கும் குழந்தைக்கும் வேண்டுவது ஒன்றே என்று அச்சொல்லை ஆக்கியோர் கருதினர் போலும். பிரெஞ்சில் 'புதர்ப் பள்ளிக்குச் செல்லுதல்' என்னும் மரபுத்தொடர் உண்டு. வகுப்புக்கு வராமல் ஊர்சுற்றுதல் என்பது அதன் பொருள். பள்ளியை விட்டோடிய சிறுவனும் புதரிடையே எதையோ கற்றுக்கொண்டுதான் இருக்கின்றான் என்று அத்தொடர் குறும்புடன் ஒப்புக்கொள்கின்றது.

ஓய்வைக் குறித்த பிற சொற்கள் அடைந்த கதியும் நோக்கத்தக்கது. இலத்தீனில் ஓய்வு 'ஓத்தியும்' எனப்பட்டது. அலுவல் அதன் எதிர்மறையாக 'நெகோத்தியும்', அதாவது ஓய்வின்மை, எனப்பட்டது. கிரேக்கரும் அவ்வாறே அலுவலை 'அஸ்கொலியா' என்றனர். ஓய்வே இயல்பு, அலுவல் அதன் இன்மை என்பது அவர்தம் எண்ணம். பிற்காலத்தில் நிலை தலைகீழாயிற்று. 'நெகோத்தியும்' ஸ்பானிய மொழியில் 'நெகோசியோ' என வணிகத்தைக் குறித்துச் செழித்தது. 'ஓத்தியும்' வழிவந்த இத்தாலியச் சொல் சோம்பலையும், பிரெஞ்சுச் சொல் வீணிருப்பையும், ஆங்கிலச் சொல் பயனின்மையையும் குறிக்கலாயின. ஒரு சமுதாயம் எதனை மதிக்கின்றது, எதனை இகழ்கின்றது என்பதை அகராதி மறைப்பதில்லை.

போலி உறவுகள்

ஒலியொப்புமை கண்டு உறவு கற்பிப்பார் இவ்விடத்து விழிப்புடன் இருத்தல் வேண்டும். மீன் கூட்டத்தையும் ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்பர். எழுத்தும் ஒலியும் ஒன்றே, பிறப்பு வேறு. அது கூட்டத்தைக் குறிக்கும் டச்சுச் சொல்லின் வழிவந்தது. வேல்சு மொழியில் 'அஸ்கோல்' என்றால் பள்ளி, ஏணியும் அதுவே. 'பள்ளி வாழ்வில் ஏறும் ஏணியன்றோ!' என்று பேச்சாளர் மகிழலாம். ஆயினும் பள்ளியைக் குறிக்கும் சொல் இலத்தீன் 'ஸ்கோலா'விலிருந்தும், ஏணியைக் குறிக்கும் சொல் இலத்தீன் 'ஸ்காலா'விலிருந்தும் வந்தவை. ஓருருவாய் நிற்பது தற்செயல்.

நம்மவர் சிலர் 'பாடசாலை' என்பதிலுள்ள 'சாலை'யையும் 'ஸ்கோலா'வையும் உறவாக்க முற்படுவதுண்டு. வடமொழிச் 'சாலா' வீட்டையும் மண்டபத்தையும் குறிப்பது. 'ஸ்கொலே' நேரத்தைக் குறிப்பது. முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் ஒத்திருப்பது சான்றாகாது. தமிழின் பெருமைக்கு இத்தகைய பொய்ச்சான்றுகள் தேவையில்லை. அவை அப்பெருமைக்கு இழுக்கே தேடித்தரும். மாணவர் ஒரு சொல்லின் மூலத்தைக் கட்டுரையில் எழுதுமுன் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் நன்று. அச்சொல்லின் மிகப் பழைய வடிவம் யாது? அவ்வடிவத்திலிருந்து இவ்வடிவத்திற்கு இட்டுச்செல்லும் ஒலி மாற்றம் அம்மொழியின் பிற சொற்களிலும் காணப்படுகின்றதா? இடைக்காலப் பொருள்கள் யாவை? மூன்றுக்கும் விடையில்லாத இடத்தில் எழுதுகோலை நிறுத்துவதே அறிவு.

ஓய்வா, ஒழிவா?

இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். 'ஸ்கொலே' என்பதை 'ஓய்வு' என்று தமிழாக்குவதிலேயே நம் குழப்பம் தொடங்குகின்றது. ஓய்தல் என்பது தளர்தல், அடங்குதல் என்னும் பொருள்களையும் உடையது. உழைத்துக் களைத்தவன் ஓய்கின்றான். களைப்பு நீங்கியதும் மீண்டும் உழைக்கின்றான். அவ்வோய்வு உழைப்புக்குத் துணை. உழைப்பின் பொருட்டே அது வேண்டப்படுகின்றது. அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலில் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கினார். களைப்பு நீங்க ஆடும் விளையாட்டு வேறு, 'ஸ்கொலே' வேறு. முன்னது உழைப்புக்கு மருந்து, பின்னது உழைப்புக்கே குறிக்கோள் என்பது அவர் கருத்து. ஜெர்மானிய மெய்யியலாளர் யோசப் பீப்பர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், போருக்குப் பின் உழைப்பையே வழிபடத் தொடங்கிய உலகிற்கு இவ்வேறுபாட்டை மீண்டும் நினைவூட்டினார்.

தமிழில் இதற்கு அண்மையான சொல் 'ஒழிவு' என்பது என் துணிபு. 'கை ஒழியவில்லை', 'நேரம் ஒழிந்தபோது வருகிறேன்' என்று வீட்டு வழக்கில் இன்றும் கூறுகின்றோம். அங்கே களைப்பு என்னும் கருத்தில்லை. பிற பணிகள் விலகி இடம் வெறுமையாயிற்று என்னும் கருத்தே உண்டு. பிறவற்றிலிருந்து விலக்கி நிறுத்திய நேரம் என்னும் கிரேக்கச் சொல்லின் உட்பொருளுக்கு இது பொருந்திவருகின்றது. பள்ளி ஓய்வுக்கூடம் அன்று, அது ஒழிவுக்கூடம். இங்ஙனம் கூறின் விழா மேடையில் நகைப்பு எழாது. ஆயின் வகுப்பறையில் பொருள் விளங்கும்.

ஒழிவு யாருக்கு?

இவ்விடத்து ஒரு தடை எழும், எழுதல் வேண்டும். ஏதென்சு நகரத்தாரின் ஒழிவை விளைவித்தவர் யாவர்? அடிமைகளும் பெண்டிரும் வயலிலும் சுரங்கத்திலும் அடுக்களையிலும் உழைத்தமையாற்றான் அவர்கள் உரையாட நேரம் பெற்றனர். ஒழிவின் உயர்வைப் பேசிய அரிஸ்டாட்டில் அதே நூலில் அடிமை முறைக்கும் நியாயம் கூறினார். ஆகவே கிரேக்கரின் ஒழிவை அப்படியே போற்றுதல் நமக்குப் பொருந்தாது.

அச்சொல்லின் பழம்பொருள் எளியோர் வாழ்வில் மெய்யானது நெடுங்காலம் கழித்தே. அதனை மெய்யாக்கியவை தொழிற்சாலைச் சட்டங்கள். பிரிட்டனின் 1833ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் 9 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் வேலையை நாளொன்றுக்கு 9 மணி நேரமாகக் குறைத்து, 2 மணி நேரப் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கியது. அரைநாள் ஆலையும் அரைநாள் பள்ளியுமாக வாழ்ந்த பிள்ளைகளின் நிலைக்கு 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் முடிவு கட்டியது. பிரான்சில் 1882இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. இச்சட்டங்கள் பிள்ளையின் நாளிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்து, முதலாளியின் கைக்கு எட்டாமல் நிறுத்திவைத்தன. 'ஸ்கொலே' என்னும் சொல்லின் வேர்ப்பொருளும் அதுவன்றோ?

நம் நாட்டு வரலாறும் இதனோடு இணைகின்றது. தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் குறைகளை நாம் அறிவோம்: ஒரே கூரை, ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். ஆயினும் விடியலில் பெற்றோருடன் நிரைக்குச் சென்று மங்கு துடைத்தும் ஒட்டுப்பால் பொறுக்கியும் வந்த பிள்ளைக்கு, நாளில் சில மணி நேரம் எவருக்கும் கூலியாகாத நேரமாகக் கிடைத்தது அங்கேதான். அந்த ஒழிவிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தோன்றினர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயமாகியுள்ளது. ஏதென்சில் சிலருக்கு உரிமையாக இருந்தது இங்கு எல்லாப் பிள்ளைக்கும் கடமையாகவே ஆகிவிட்டது. சொல்லின் பிறப்பைக் காட்டிலும் பெருமைக்குரியது அதன் இந்த வளர்ச்சியே.

இன்றைய பள்ளி

பெற்ற ஒழிவை நாம் என்செய்கின்றோம்? நிரையிலிருந்து மீட்ட நேரத்தைத் தேர்வுக்கு அடகு வைத்துள்ளோம். காலையிற் பள்ளி, மாலையில் டியூஷன் வகுப்பு, இரவில் பயிற்சிநூல் என்று ஓடும் பிள்ளையின் நாளில் கை ஒழிந்த நேரம் எங்கே? மலேசியாவில் 2021ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு மாணவருக்கான யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டளவில் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகள் நிறுத்தப்பட்டன. இவை நேரத்தை விடுவித்த செயல்கள். விடுவித்த நேரம் ஒழிவாக நின்றதா, வேறொரு பயிற்சித்தாளால் நிரப்பப்பட்டதா என்பதை அரசு தீர்மானிப்பதில்லை. பாடவேளை அட்டவணையில் ஒப்பமிடும் நாமே தீர்மானிக்கின்றோம்.

ஒழிவு என்பது சோம்பலன்று என்பதை மீண்டும் வற்புறுத்த விரும்புகின்றேன். பிள்ளை தான் விரும்பிய நூலைத் தானே எடுத்து, மதிப்பெண் அச்சமின்றி, இறுதிவரை படிக்கும் நேரம் ஒழிவு. ஒரு செய்யுளின் பொருளைப் பற்றி இருவர் வழக்காடி, முடிவு காணாமற் பிரியும் நேரமும் ஒழிவே. கட்டுரைப் பாடத்தில் மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வித்தல் அலுவல்; தன் கருத்தைத் தேடி ஒரு மாணவன் வெற்றுத்தாளின்முன் அமர்ந்திருத்தல் ஒழிவு. முன்னது விரைவில் பயன்தருவது போலத் தோன்றும். பின்னதிலிருந்தே எழுத்து பிறக்கும்.

பெரிய சீர்திருத்தம் எதையும் இங்கு முன்வைக்கவில்லை. வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளை ஏறத்தாழ எல்லாப் பள்ளி அட்டவணையிலும் இருக்கின்றது. கணிதம் பின்தங்கினால் முதலிற் பறிபோவதும், விழா ஒத்திகைக்கு முதலில் இரையாவதும் அதுவே. அந்த ஒரு பாடவேளையையேனும் எவரும் தொடாவண்ணம் பிடித்து நிறுத்திவைப்போம். அங்ஙனம் நிறுத்திவைத்த நேரத்திற்குக் கிரேக்கர் இட்ட பெயரைத்தான் ஐரோப்பிய மொழிகள் பலவும், மலாக்கா வழியாக நம் நாடும், தத்தம் பள்ளி வாயிலில் எழுதிவைத்துள்ளன. சொல்லின் பிறப்பு நமக்கு ஆணையிடாது. ஆயினும் மறந்த ஒன்றை நினைவூட்டும். நினைவூட்டியதைச் செய்வதும் விடுவதும் ஆசிரியராகிய நம் கையில் உள்ளன.